வில்லை இல்லாத ஆணி

சிறைக்குள் அவருக்குச் சுவர் என்று பெயர். வைத்தது கைதிகள். பிறகு சக வார்டர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வயதில் சின்னவர்கள் "சுவரண்ணே" என்று கொஞ்சம் மரியாதை சேர்த்தார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு சுவரைத் தேடுவார், முதுகை அதில் ஒட்டுவார், அதன்பிறகுதான் பேச்சு. முற்றத்தைக் கடக்க வேண்டுமென்றால் ஓரமாகவே சுற்றிப் போவார். "நடுவுல போனா வரியா போடுறாங்க?" என்று யாராவது சீண்டினால், "நடுவுல போறவனுக்கு நாலு பக்கமும் முதுகுதான்டா" என்பார்.

வெளியிலும் அதே கதைதான். மனைவியை முதன்முதலில் ஒரு டீக்கடையில் சந்தித்தபோது மூன்று தடவை நாற்காலி மாற்றினார். "வேற எவளையோ வரச் சொல்லியிருக்கார், வாசலையே பாக்கறார்னு நெனச்சேன்" என்று அந்த அம்மாள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சலூனுக்குப் போவார், முடி மட்டும்தான். கண்ணாடி இல்லாத கடை என்றால் அதுவும் இல்லை. சவரம் சொந்தக் கை. "கழுத்துல கத்தி வைக்கிறவனுக்கு நான் காசு வேற குடுக்கணுமா?"

சிரிக்கலாம். ஆனால் அவர் சட்டையைக் கழற்றினால் சிரிப்பு நின்றுவிடும். வலது விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூனைபோல இருந்த ஒருவன், "ஐயா, ஒரு நிமிஷம்" என்று பணிவாகக் கூப்பிட்டான். கழிவறைத் தாழ்ப்பாளைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தது, அவர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. திட்டுகிறவனைப் பற்றி அவருக்குப் பயமே கிடையாது. திட்டுகிறவன் தன் கையில் இருப்பதைக் காட்டிவிட்டான். பணிவாகப் பேசுகிறவன்தான் இன்னும் எதையோ மறைத்து வைத்திருக்கிறான். முதலில் வணக்கம் சொல்வான், அப்புறம் மணி கேட்பான், அப்புறம் உன் மகள் எந்தக் காலேஜ் என்று கேட்பான். அந்த மூன்றாவதற்குப் பதில் சொன்னவன் செத்தான். இது சுவரின் கணக்கு.

இந்தக் கணக்குப்படி சிறையிலேயே மிக ஆபத்தான ஆள், தோல் பட்டறையில் செருப்பு தைக்கும் ஒரு கைதி. பெயர் தையல். நாற்பதைத் தாண்டியவன். குரலை உயர்த்த மாட்டான், சண்டைக்குப் போக மாட்டான், சோற்றுத் தட்டை முந்திக்கொண்டு நீட்ட மாட்டான். பட்டறையில் மற்ற கைதிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் அவன்தான். பட்டறைக் காவல் சுவருக்கு. ஆக, பல வருடங்களாக இவர் ஒரு சுவரில் சாய்ந்தபடி அவனைப் பார்ப்பார். அவன் குனிந்தபடி தோலைப் பார்ப்பான். தோலை மட்டும்தான் பார்க்கிறான் என்று இவரும் நம்பிக்கொண்டிருந்தார், ஒருநாள் அவன் வாயைத் திறக்கும்வரை.

"ஐயா, உங்க ஷூ இடது பக்கம் மட்டும் தேயுது. ஒரு பக்கமா சாஞ்சு நடக்கிறீங்க. குடுத்தீங்கன்னா ஒரு தோல் வச்சுச் சரி பண்ணிருவேன்."

யாருக்கும் இது உதவியாகத்தான் தோன்றும். சுவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என் நடையை அளந்து வைத்திருக்கிறான். எந்தக் கால் உறுதி, எந்தக் கால் தடுமாறும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

"உன் வேலைய பாரு."

"சரிங்கய்யா" என்று அவன் குனிந்துகொண்டான். அந்த உடனடி 'சரிங்கய்யா'வும் இவருக்குப் பிடிக்கவில்லை.

தையலுக்கு நன்னடத்தை விடுதலை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் குழு கூடும். ஒரு கெட்ட பெயரும் இல்லையென்றால் வெளியே. வெளியே போகப் போகிறவன் தப்பு செய்ய மாட்டான் என்பது பொதுவான நம்பிக்கை. சுவர் அதையும் நம்பவில்லை.

அந்தப் பட்டறையின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் வேலைக்கான கருவிகள் எல்லாமே ஆளைக் கொல்லக்கூடியவை. அதனால் வாசலுக்கு எதிரே ஒரு பெரிய மரப்பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவத்தைக் கறுப்புச் சாயத்தில் வரைந்திருக்கும். கருவி தொங்கினால் உருவம் மறைந்திருக்கும். எடுத்தால் கறுப்பு பல்லை இளிக்கும். ஒவ்வொரு கைதியிடமும் அவன் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. கருவி வேண்டுமென்றால் வில்லையைக் காவலரிடம் கொடுக்க வேண்டும். காவலர் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியைக் கொடுப்பார். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்தாலே எது எவனிடம் என்று தெரிந்துவிடும்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் ஒரு கைதிக்கு மயக்கம் வந்து, சுவர் அவனை மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். பட்டறையை விக்கலிடம் ஒப்படைத்தார். விக்கல் அவருடைய சக வார்டர். பயந்தாலும் பொய் சொன்னாலும் அவனுக்கு விக்கல் எடுக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். சுவர் திரும்பி வந்து, வேலை முடியும் நேரத்தில் பலகையைப் பார்த்தார். ஒரு குத்தூசி இல்லை. கட்டைவிரல் பருமன் மரப்பிடி, அதிலிருந்து நீளும் எஃகு முள். ஆணியில் வில்லையும் இல்லை.

விசில் ஊதினார். கதவு அடைபட்டது. அத்தனை கைதிகளையும் உரித்துச் சோதித்தார்கள். தோல் துண்டுகளைக் குவித்து ஒவ்வொன்றாக உதறினார்கள். பசை டப்பாவைக்கூடக் குச்சி விட்டுக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

தலைமை வார்டர் வந்தார். பட்டறையில் இருந்த எல்லாரையும் விட்டுவிட்டு நேராகத் தையலிடம் போனார். "நீதானே இங்க மேஸ்திரி? உன் கண்ணுக்குத் தெரியாம எவன் எடுப்பான்? எங்க வச்சிருக்க?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"தெரியாதாம்! இவனுங்களுக்குப் பொறவியிலேயே வர்றது இது. ரத்தத்துல ஓடுது."

சுவருக்கு இந்தப் பேச்சு எப்போதுமே ஆகாது. சந்தேகம் வேறு, உளறல் வேறு. "ரத்தத்த எந்த ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைமை வார்டர் முறைத்தார். தையலைத் தனிக்கொட்டடிக்கு இழுத்துப் போனார்கள்.  போகும்போது அவன் முகம் ஈரம் காய்ந்த தோலைப்போல் இறுகிவிட்டது. குழு கூடும்போது அவன் பேருக்கு எதிரே 'ஆயுதம் பதுக்கியவர்' என்று இருக்கும். இன்னும் எத்தனை வருடம் என்பது யாருக்கும் தெரியாது.

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று சுவர் நினைத்தார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்தார்.

மனைவி ஒரு மருத்துவமனையில், அறுவை அரங்கில் நர்ஸ். தோசைக்கல்லைத் துடைப்பதுபோல மேசையைத் துடைத்துக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"அப்போ கைதிங்கள எல்லாம் சோதனை போட்டீங்க."

"ஆமா."

"மத்தவங்கள?"

"மத்தவங்கன்னா?"

"அந்த ரூமுக்குள்ள வந்து போன உங்க ஆளுங்கள."

"நாங்க எதுக்குடி எடுக்கப் போறோம்?"

அவள் துணியை உதறினாள். "எங்ககிட்ட ஆபரேஷன் முடிஞ்சு ஒரு கத்தரிக்கோல் குறைஞ்சா, மேசைல படுத்திருக்கிற ஆளையா திருடான்னு திட்டுவோம்? மயக்கத்துல இருக்கிறவன் பாவம் என்ன பண்ணுவான்? முதல்ல எங்க கைய பாப்போம். டாக்டர் கையையும் சேத்துத்தான். இல்லைன்னா அது அந்த ஆள் வயித்துக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். ஊரையே சந்தேகப்படுறீங்க, பெத்த பொண்ணு பேனா கேட்டாக்கூட எதுக்குன்னு கேக்கறீங்க. காக்கிச் சட்டைய மட்டும் ஏங்க சந்தேகப்பட மாட்டேங்கறீங்க?"

மகள் உள்ளறையிலிருந்து, "நல்லா கேளும்மா" என்றாள்.

சுவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.  அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆணியில் வில்லை இல்லை. காவலர் கையைத் தாண்டாமல் கைதி கையில் கருவி போக முடியாது. காவலர் கொடுத்தால் வில்லை மாட்டியிருக்கும். வில்லை இல்லாமல் கருவி எடுப்பவர்கள் சிறையில் ஒரே சாதிதான், வில்லையே இல்லாத சாதி. கதவுத் தாழ் சிக்கினால் திருப்புளி, மேசைக் கால் ஆடினால் சுத்தியல் என்று வார்டர்கள் எடுப்பதும் சாயங்காலம் மாட்டுவதும் வழக்கம். அந்த வழக்கம் கண்ணுக்கு அவ்வளவு பழகிவிட்டதால் யாருக்கும் அது எடுத்ததாகவே தெரிவதில்லை. அவருக்கும் தெரியவில்லை. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர், பாதி உலகத்தைச் சந்தேகத்திலிருந்து தள்ளுபடி செய்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை கைதிகளை விட்டுவிட்டு வார்டர்களைப் பார்த்தார். எல்லாரும் வழக்கம்போலத்தான் இருந்தார்கள். விக்கல் மட்டும் இவரைப் பார்த்ததும் தூண் மறைவுக்கு நகர்ந்தான்.

"நேத்து நான் இல்லாதப்ப பட்டறைக்கு யார் வந்தது?"

"யாரும் வரல சுவரண்ணே." ஒரு விக்கல்.

"யாருமே?"

"அதான் சொல்றேனே." இரண்டாவது விக்கல், மூன்றாவது.

"தண்ணி குடி."

அந்த நேரத்தில் தலைமை வார்டர் முற்றத்தில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தார். சமீப காலமாக வயிறு முன்னே போய்க்கொண்டிருந்தது. பெல்ட் மூச்சை அடைக்கிறது என்று வாராவாரம் புலம்புவார். இன்று பெல்ட் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. கடைசி ஓட்டைக்கும் நுனிக்கும் நடுவே புதிதாக ஓர் ஓட்டை. கடையில் போட்ட ஓட்டை வட்டமாக இருக்கும். இது குத்தியது. தோல் இரண்டு பக்கமும் உதடுபோலப் பிதுங்கி நின்றது. தோல் பட்டறையிலேயே காலம் தள்ளியவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சுவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் தையல் ஞாபகம் வந்தது. பெல்ட் ஓட்டைக்கு ஒரு மனிதனின் வாழ்க்கையா?

மறந்துதான் எடுத்துப் போயிருப்பார். விசில் ஊதியபோதே ஞாபகம் வந்திருக்கும். வந்து, "இந்தாப்பா, என்கிட்ட இருக்கு" என்று நீட்டியிருந்தால் அரை நிமிடச் சிரிப்போடு முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக 'ரத்தத்துல ஓடுது' என்று வாயை விட்டுவிட்டார். விட்ட வாயை மூட ஒரு கைதி தேவைப்பட்டான். அவ்வளவுதான்.

தலைமை வார்டர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தத் தையல் படுக்கிற பேரக்ல ஒரு சோதனை போடுறோம். கிடைச்சிடும்."

போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. கிடைக்கலாம் என்றும் சொல்லவில்லை. கிடைச்சிடும்.

விக்கல் அவரை ஓரமாக இழுத்துப் போனான். "அண்ணே, உங்க மூஞ்சிய பாத்தாலே தெரியுது. வேணாம். நான் பாத்தேன்தான், அவர் எடுத்தத. இந்தா, பெல்ட்டுக்கு ஒரு ஓட்டைன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தார். ஆனா நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. அவனுக்காகப் போயி நம்ம ஆள மாட்டிவிடுவீங்களா? நாளைக்கு நாலு பேர் உங்கள வளைச்சா விசில் ஊதுவீங்க. எவன் ஓடி வருவான்? அவனா?"

இதில் விக்கலே எடுக்கவில்லை. அத்தனையும் உண்மை. உள்ளே நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவே கம்பும் கையுமாக நிற்கிறவனின் உயிர் கம்பில் இல்லை. விசில் கேட்டால் எல்லாரும் ஓடி வருவார்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்தத் தழும்பு நாளில் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் தலைமை வார்டரும் ஒருவர். அப்போது அவருக்கு வயிறு இல்லை.

"அவரு பேண்ட் பாக்கெட்டுல வச்சிருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரியாது." ஒரு விக்கல்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயிலர் வந்தார். வார்டர்கள் பேரக் வாசலில் வரிசையில் நின்றார்கள். உள்ளே கைதிகள் கம்பிகளுக்குப் பின்னால் எழுந்து நின்றார்கள். தலைமை வார்டர் சாவியை எடுத்தார்.

"சார், ஒரு விஷயம்" என்றார் சுவர். குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "உள்ள ஊசி கிடைச்சா, நாமளே கொண்டுபோய் வச்சிட்டோம்னு நாளைக்கு இவனுங்க கோர்ட்டுல சொல்லுவானுங்க. வக்கீலுங்க சும்மா விடுவாங்களா? அதனால உள்ள போறதுக்கு முன்னாடி, சோதனை போடப் போற எங்களையும் ஒருதரம் சோதிச்சிருங்க. நம்ம பாதுகாப்புக்குத்தான். என்கிட்ட இருந்து ஆரம்பிங்க."

சட்டைப் பையை வெளியே இழுத்தார். பேண்ட் பைகள் இரண்டையும் உள்ளே வெளியே புரட்டினார். ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். காலுறையோடு தரையில் நின்றார்.

ஜெயிலருக்கு யோசனை பிடித்துப்போனது. வக்கீல் என்ற சொல்லுக்கு அவ்வளவு சக்தி. "சரியாத்தான் சொல்றான். எல்லாரும் திருப்புங்க."

வரிசையாகப் பைகள் புரண்டன. கைக்குட்டை, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட். விக்கலின் விக்கல் இப்போது இடைவெளியில்லாமல் வந்துகொண்டிருந்தது. தலைமை வார்டரின் முறை வந்தது.

"எனக்குமா சார்? நான்..."

"எனக்கே போடச் சொல்லுவான் போலிருக்கு. திருப்புங்க" என்றார் ஜெயிலர்.

கைக்குட்டைக்குள் சுற்றியிருந்தது. மரப்பிடி வெளியே எட்டிப் பார்த்தது. கம்பிக்குப் பின்னால் கைதிகள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"வழியில கிடந்துச்சு சார். இப்பதான். குடுக்கலாம்னுதான் எடுத்து வச்சேன்."

"எந்த வழியில?" என்றார் ஜெயிலர்.

தலைமை வார்டர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். ஜெயிலரின் பார்வை கொஞ்சம் கீழே இறங்கி, பெல்ட்டில் நின்று, அங்கேயே இருந்தது.

அதற்குப்பின் நடந்ததுதான் எப்போதும் நடப்பது. குத்தூசி 'வழியில் கண்டெடுக்கப்பட்டது' என்று முடித்தார்கள். தலைமை வார்டருக்கு எதுவும் ஆகவில்லை. தையலைத் தனிக்கொட்டடியிலிருந்து வெளியே விட்டார்கள். தவறு நடந்துவிட்டது என்று ஒரு நாய்கூட அவனிடம் சொல்லவில்லை. மேலே இருப்பவன் தவறினால் அது சம்பவம். கீழே இருப்பவன் மேல் சந்தேகம் விழுந்தாலே அது குற்றம்.

குழு கூடியது. விடுதலை கிடைத்தது. உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி.

பட்டறைக்குத் திரும்பிய அன்று தையல் கருவி வாங்க வந்தான். வில்லையை நீட்டியபடி, முதல் முறையாக இவர் கண்ணை நேராகப் பார்த்தான்.

"எதுக்குப் பண்ணீங்க?"

"எத?"

"என்கிட்ட என்ன வேணும்னு இப்பவே சொல்லிடுங்க. வெளிய போய் யாருக்காச்சும் பார்சல் குடுக்கணுமா? இல்ல, உள்ள நடக்கிறது எதாச்சும் சொல்லணுமா? என்னால முடியாது. அதுக்கு நான் கொட்டடியிலேயே இருந்துக்கறேன்."

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னா எதுக்குப் பண்ணீங்க?"

சுவருக்குப் பதில் இருந்தது, ஆனால் அவன் இடத்தில் தான் நின்றிருந்தால் அதை நம்பியிருக்க மாட்டார் என்பதும் தெரிந்தது. கருவியைக் கொடுத்தார். வில்லையை மாட்டினார்.

வார்டர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறியது. டீ கெட்டில் அவர் பக்கம் வருவதற்குள் காலியானது.

சில நாள் கழித்துப் பட்டறையில் இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஏதோ பழைய பகை. ஒருவன் கையில் சுத்தியல், இன்னொருவன் கையில் தோல் வெட்டும் கத்தி. சுவர் விசில் ஊதினார்.

யாரும் வரவில்லை.

மறுபடி ஊதினார், நீளமாக. நடைபாதையில் ஒரு காலடிச் சத்தம் இல்லை. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அந்த நிசப்தத்தைக் கேட்டார்கள். சுத்தியல்காரன்கூடத் திரும்பி வாசலைப் பார்த்தான். வருகிறவர்கள் யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அத்தனை கண்களும் மெல்ல இவர் மேல் வந்து நின்றன.

தையல் தன் குத்தூசியை வேலை மேசைமேல் சத்தம் வரும்படி வைத்தான். கைகளை விரித்து மேலே தூக்கினான். நடந்துபோய் எதிர்ச்சுவரில் முகத்தை ஒட்டி நின்றான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உத்தரவு வரும் நேரத்தில் எந்த வம்பும் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பார்த்தான், தானும் கருவியை வைத்தான். பிறகு இன்னொருவன். வரிசை நீண்டது. சண்டைக்காரர்கள் இருவரும் பார்வையாளர்கள் இல்லாத மேடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சுத்தியல கீழ வை" என்றார் சுவர். "கத்திய நீயும்."

வைத்தார்கள். அதற்கும் பிறகு, கடைக்குப் போகிறவர்கள்போல் ஆடி அசைந்து இரண்டு வார்டர்கள் வந்தார்கள். "என்னண்ணே, கூப்பிட்டீங்களாமே? காதுல விழல."

 சுவர் சண்டைக்காரர்கள் இருவரையும் அவர்களிடம் ஒப்படைத்தார். கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டினார், வில்லைகளைத் திருப்பிக் கொடுத்தார், பட்டறையைப் பூட்டினார். நேராக முற்றத்தின் குறுக்கே நடந்து வார்டர்கள் ஓய்வறைக்குப் போனார். உள்ளே தலைமை வார்டர், விக்கல், இன்னும் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்தினார். விசிலை எடுத்து வாயில் வைத்தார். மூச்சு முழுவதையும் சேர்த்து ஊதினார்.

அந்தச் சின்ன அறைக்குள் அது இடிபோல் இறங்கியது. டீ தலைமை வார்டரின் மடியில் கொட்டியது. ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். விக்கல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அவனுடைய விக்கல் அப்படியே நின்றுபோனது.

சுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்ப கேட்டுதா?" என்றார். "நாளைக்கு இத ஊதப் போறது நான் மட்டும் இல்ல. உங்கள்ல ஒருத்தனும் ஊதுவான். நான் ஓடி வருவேன். அத மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க."